கூட்டெழுத்து டீச்சரும் சின்னத்துரையின் கையெழுத்தும்

எழுத்துப் பாடத்துக்காக பஸ்ஸை மறித்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கூட்டெழுத்து டீச்சர். பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்த பஸ்ஸின் பக்கவாட்டில் யாரோ ஒரு பெயின்டர் ஆங்கிலக் கூட்டெழுத்தில் அதன் பெயரை எழுதிவைத்திருந்தார். டீச்சர் முன்னால் போய் நின்று, "மல்லி, பொட்டக் இன்ன!" என்று டிரைவர் தம்பியைச் சிங்களத்தில் கொஞ்சம் நிற்கவைத்துவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினார்: "பாருங்கடா, ஒரு எழுத்தோட கைய அடுத்த எழுத்து எப்படிப் புடிச்சிருக்குன்னு!" பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கி வந்து பார்த்தார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் வகுப்பு. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. கூட்டெழுத்து வந்துவிட்டால் அடுத்தது கையெழுத்து. "பேர யாரும் எழுதலாம். கையெழுத்து ஒங்களோடது மட்டுந்தான்" என்பார். உற்சாகத்தில் என் மகள் கவிதாவின் கையெழுத்து வால் கொப்பியைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, சுவரில் ஏறியது. மற்ற வால்களும் பின்னாலேயே ஏறின. சுவரைப் பார்த்த சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர், வகுப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

டீச்சர் மொத்த வகுப்பையும் தோட்ட ஆபீசுக்குக் கூட்டி வந்தார். நான் அங்கே கிளாக்கர்.

"சொவத்துக்கு நாங்களே வெள்ளையடிச்சிட்டோம் சேர்" என்றார் டீச்சர்.

சின்னத்துரை இளம் சிங்களவர், நல்ல மனுஷன். பிள்ளைகளின் மூக்கிலெல்லாம் சுண்ணாம்பைப் பார்த்ததும் இளகிப்போய், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். டீச்சர் வாங்கிப் பார்த்தார். திருப்பி நீட்டினார்.

"இது என்னங்க சேர்? கோடுதானே?"

கைக்கு வந்த அனுமதியைத் திருப்பிக் கொடுக்கிறாரே இந்த மனுஷி!

சின்னத்துரையின் காது சிவந்தது. "அதுதான் என்ட சைன்."

"ஒங்க பேருல எவ்வளவு அழகான எழுத்தெல்லாம் இருக்கு. ஒண்ணக்கூடக் காணோமே?"

கவிதா மேசையருகே போய், "பயப்படாதீங்க சேர், எங்களுக்கும் மொதல்ல வரல" என்றாள்.

அவ்வளவுதான், மனுஷன் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்தார். பிள்ளைகள் மேசையை மொய்த்துக்கொண்டார்கள். "கையத் தூக்காதீங்க!" "வளைங்க, வளைங்க!" "இப்ப வாலு!" கிரிக்கெட் மேட்ச்சில்கூட நான் அப்படியொரு கூச்சல் கேட்டதில்லை. வால் சுழன்று முடிந்தபோது நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

வகுப்பு பிழைத்தது. மாட்டிக்கொண்டவர் சின்னத்துரைதான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்க்கில் அவருடைய செக்கைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பழைய சைன் மறந்துபோச்சு."

டீச்சர் சிரிக்கவில்லை. பெஞ்சில் இடம் கொடுத்து, கொப்பியைத் திறந்துவைத்து, கோடு போடக் கற்றுக்கொடுத்தார்.

போன மாதம் டீச்சர் கல்யாணமாகி எம்பிலிப்பிட்டிய பக்கம் போய்விட்டார். மறு சனிக்கிழமையும் பிள்ளைகள் வந்து காம்பராவில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்பத்தான் போனேன். பெஞ்சில் சின்னத்துரையும் இருந்தார். எல்லோரும் கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.