முதல் படிக்கு முந்தின படி

"செயலியைத் திறக்கவும்" என்று பெனிட்டா முதல் வரியை எழுதியதுமே மீனவர் கோதண்டம் எட்டிப் பார்த்தார்.

"தொறக்கறதுக்கு முன்னாடி போனை எடுக்கணும் இல்ல? அத்த எழுதலியே?"

ஏரியில் எந்த நாள் எந்தக் குடும்பம் வலை போடலாம் என்று ஊரில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இனிமேல் பாடு யாருக்கு என்பதைப் போனிலேயே பார்க்க ஒரு செயலி வந்திருந்தது. அதற்குக் குறிப்பு எழுதத்தான் பெனிட்டா மீஞ்சூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். காலையில் மேலாளர் ராபர்ட் சார் போனில் பேசியதை, ஸ்பீக்கர் போட்டிருந்ததால், மீன் ஏலக் கூடமே கேட்டது.

"ஒரே பக்கம் போதும்மா. மாசக் கடைசியில வந்து பாப்பேன். எல்லாருக்கும் புரிஞ்சுட்டா உன் வேலை முடிஞ்சுது."

புரியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும். நைனாவுக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் உலை கொதிப்பது இவள் சம்பளத்தில்தான்.

அதனால், 'போனைக் கையில் எடுக்கவும்' என்று மேலே சேர்த்தாள்.

மறுநாள் செல்வம்மாள் இறால் உரித்த கையோடு வந்தாள். "இந்தக் கையாலயா எடுக்கறது?"

'கையைக் கழுவித் துடைக்கவும்.'

அதற்கடுத்த நாள் ஜெகதீஸ்வரன் வந்து, எந்தக் கை என்றான். இடது கைக்காரர்களுக்கு ஒரு தனிப் பத்தி பிறந்தது. 'பச்சை வட்டத்தைத் தொட்டுவிட்டு உடனே எடுக்கவும்' என்று எழுதினால், எடுப்பது விரலையா, போனையா என்று ஒருவர் கேட்டார். 'உங்கள் பெயரை எழுதவும்' என்ற இடத்தில் ஒருவர் 'உங்கள் பெயர்' என்றே எழுதிக் காட்டினார். தினம் ஒரு ஆள், தினம் ஒரு சந்தேகம். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

ஒரு பக்கம் பத்தொன்பது பக்கமானது. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத பெண், பஸ்ஸில் தூக்கத்திலும் "தொடவும், விடவும்" என்று முனகினாள்.

மாசக் கடைசியில் ராபர்ட் சார் வந்தார். பக்கங்களைப் புரட்டினார். செல்வம்மாளைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தார். அவள் அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு முதுகுப்பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"பச்ச வட்டம் காணோமே சார்."

பெனிட்டா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போகச் சொன்னதும் போய்விட வேண்டியதுதான்.

சார் நெற்றியைத் துடைத்தார். "இது ஒரு மாசத்துல ஆகிற காரியம் இல்ல. இவங்ககூட மல்லுக்கட்ட உன்னை விட்டா வேற ஆள் கிடைக்காது. இன்னும் ஒரு வருஷம் நீயே இரும்மா."

ஜீப் போனதும் பெனிட்டாவுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் பாதி, அவமானம் பாதி.

"நான் எழுதினது ஒருத்தருக்குக்கூடப் புரியலியேக்கா."

செல்வம்மாள் வாயைத் திறப்பதற்குள், பக்கத்துத் தெரு அமுதவல்லி மீன் கூடையை இடுப்பில் இடுக்கியபடி உள்ளே வந்தாள். தூணுக்குப் பின்னால் இருந்த பெனிட்டாவை அவள் கவனிக்கவில்லை. ஈரக் கையில் இருந்த போனைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே கேட்டாள்:

"செல்வக்கா, புரியலன்னு சொல்ற பாடு நாளைக்கு எனக்குன்னு ஆப்புல வந்துகீது. அந்தப் பொண்ணு வேலை முடிஞ்சிடாம இருக்கணும்னா, நான் இன்னா கேக்கணும்?"