அறுபதாயிரத்துக்கு ஓர் ஆஸ்திரேலியன்

“அறுபதாயிரம் பவுண்டா! என் பெண்டாட்டி சந்தோஷத்துல அழுதுட்டா மச்சி. சுரங்க வேலையை விட்டாச்சு, வண்டியை வித்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. வியாழக்கிழமை வந்து இறங்கறோம்!”

கைபேசியில் வந்த இந்தச் செய்தியை டெஸ்மண்ட் ஹார்க்ரீவ்ஸ் மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அதில் பவுண்டு என்றுதான் இருந்தது. முந்தின நாள் தான் அனுப்பியதைத் தேடி எடுத்துப் பார்த்தார். ‘வருஷத்துக்கு அறுபதாயிரம். சம்மதமா?’ அவ்வளவுதான். என்ன காசு என்று ஒரு வார்த்தை இல்லை.

அவர் சொல்ல நினைத்தது டாலர். ஆஸ்திரேலியக்காரனிடம் ஆஸ்திரேலியக் காசில் பேசுவதுதானே மரியாதை? அறுபதாயிரம் டாலர் என்றால் பவுண்டில் ஏறக்குறைய முப்பதாயிரம். ஆல்டர்ஷா ரக்பி லீக் சங்கத்தால் அதற்கு மேல் முடியாது.

“என்ன, பேயைப் பாத்த மாதிரி உக்காந்திருக்க?” என்றாள் மனைவி வின்னி, தேநீர்க் கோப்பையை வைத்தபடி.

டெஸ் விஷயத்தைச் சொன்னார்.

“உடனே போன் போட்டு டாலர்னு சொல்லு.”

“அவன் வேலையை விட்டுட்டான் வின்னி. வண்டியை வேற வித்துட்டான்.”

“அப்ப சங்கத் தலைவர்கிட்ட சொல்லு.”

“அதுக்கு ஓடுற பஸ் முன்னாடி நானே போய்ப் படுத்துடுவேன்.”

முப்பது வருஷம் யார்க்‌ஷயர் மலைப்பாதைகளில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் டெஸ். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பிடித்து வருவது இப்போது சங்கத்தில் அவர் பொறுப்பு. ஒரு காலத்தில் அது சுலபமான வேலை. ஒரு பவுண்டுக்கு இரண்டரை டாலருக்கு மேல் கிடைத்த நாட்களில் சிட்னிக்காரர்களும் பிரிஸ்பேன்காரர்களும் வரிசையில் நின்றார்கள். இரண்டு வருஷம் இந்த மழையில் நனைந்தால் ஊரில் கடலைப் பார்த்தாற்போல ஒரு வீடு வாங்கிவிடலாம். இப்போது பவுண்டு இளைத்துவிட்டது, அங்கே சம்பளம் கொழுத்துவிட்டது. போன வருஷம் டெஸ்ஸுக்குக் கிடைத்த ஒரே ஆஸ்திரேலியனுக்கு ஒரு முழங்கால்தான் மடங்கும்.

அப்படிப்பட்ட காலத்தில் அகப்பட்டவன் ரீகன் டூலி. இருபத்தாறு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ, முன்வரிசை ஆட்டக்காரன். இரண்டு முழங்காலும் மடங்கும். அவனை நழுவவிட டெஸ்ஸுக்கு மனசே இல்லை.

‘விமான நிலையத்தில் நேருக்கு நேர் சொல்லிவிடலாம்’ என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமை மான்செஸ்டரில், ஜனவரி மாதக் குளிரில் அரை டிரவுசரோடு வந்து இறங்கினான் டூலி. பின்னால் மனைவி ஷெல்லி, இரண்டு குழந்தைகள், ஒன்பது பெட்டிகள்.

“மச்சி!” என்று ஐம்பத்தொன்பது வயது டெஸ்ஸைத் தரையிலிருந்து தூக்கினான் டூலி. காற்றில் தொங்கிக்கொண்டு சம்பளத்தைப் பற்றிப் பேச டெஸ்ஸால் முடியவில்லை.

“எங்களுக்கு வீடு எங்கே?” என்று கேட்டாள் ஷெல்லி.

சம்பளத்தில் முப்பதாயிரம் குறைகிறது. வேறு எதையாவது கொடுத்து ஈடுகட்டத்தானே வேண்டும்? “சங்கத்து வீடு இருக்கும்மா. வாடகையே கிடையாது” என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

சங்கத்துக்கு வீடே கிடையாது. டெஸ் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு வின்னிக்குப் போன் செய்தார்.

“வின்னி, கேள்வி எதுவும் கேக்காத. கல்யாண போட்டோவையெல்லாம் கழட்டிட்டு, கொல்லையில நிக்கிற கேரவனுக்குப் போயிடு.”

“எத்தனை நாளைக்கு?”

“அக்டோபர் வரைக்கும்.”

எதிர்முனையில் வந்த வார்த்தைகளை அவர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை.

முதல் ஆட்டத்தில் டூலி இரண்டு முறை பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி விழுந்து புள்ளி எடுத்தான். அவன் மேல் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் கொண்டுபோனான். சங்கத் தலைவர் ஆம்ப்ரோஸ் கிரேவன், ஊரில் சாசேஜ் ஃபாக்டரி வைத்திருப்பவர், டெஸ்ஸின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

“முப்பதாயிரத்துக்கு இப்படி ஒருத்தனா! எப்படிய்யா பிடிச்ச?”

“பேச்சு சாமர்த்தியம்தான் தலைவரே” என்றார் டெஸ்.

மாசக் கடைசி வந்தது. டெஸ்ஸுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. சங்க அலுவலகத்தில் சம்பளம் போடும் எட்னாவைத் தேடிப் போனார். எட்னா எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். மேஜைமேல் கோப்புகளைவிட பிஸ்கட் டப்பாக்கள்தான் அதிகம்.

“டூலி சம்பளச் சீட்டை வாங்கிட்டானா?”

“வாங்கிட்டான்.”

“பிரிச்சுப் பாத்தானா?”

“இங்கேயே நின்னு பாத்தான்.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“‘ரொம்ப நன்றி அழகி’ன்னு கன்னத்துல முத்தம் குடுத்துட்டுப் போனான்.”

பாதிச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு ஒரு முகச்சுளிப்புகூட இல்லாமல் போயிருக்கிறான்! என்ன பெருந்தன்மை! அந்த உறுத்தலில் அன்று சாயங்காலமே தன் கார்ச் சாவியைக் கொண்டுபோய் டூலியிடம் கொடுத்தார்.

“சங்கத்து கார்” என்றார்.

“உங்க ஊர்க்காரங்க மாதிரி உலகத்துலயே கிடையாது மச்சி” என்றான் டூலி, கண் கலங்கி.

மறுநாளிலிருந்து டெஸ் பஸ்ஸில் போனார். தான் ஓட்டிய அதே தடம். புது ஓட்டுநர் வளைவுகளை எடுக்கும் விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். “டூலிக்கு மட்டும் வீடு, காரு. நாங்க என்ன தக்காளித் தொக்கா?” என்று அணித்தலைவனே மறித்துக்கொண்டு கேட்டான். அவர்கள் வாயை அடைக்க, ஞாயிற்றுக்கிழமைதோறும் பதின்மூன்று பேருக்கும் மாட்டிறைச்சி வறுவலும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் தருவதாக டெஸ் ஒப்புக்கொண்டார். சமைக்க வேண்டியவள் வின்னி. அதுவும் கேரவனின் ஒற்றை அடுப்பில்.

“பதின்மூணு பேரு. ஒருத்தன் அரை மாடு திங்கிறான்” என்றாள் வின்னி. “டெஸ், உன்னைக் கட்டிக்கிறப்ப நீ பஸ் ஓட்டுறேன்னுதான் சொன்ன. சத்திரம் நடத்துறேன்னு சொல்லல.”

ஆனால் ஒன்று. ஒரே மேஜையில் உட்கார்ந்து தின்றவர்கள் ஒரே ஆளைப்போல ஆட ஆரம்பித்தார்கள். பிப்ரவரியில் கடைசி இடத்தில் இருந்த ஆல்டர்ஷா, ஜூனில் ஐந்தாவது இடத்தில் இருந்தது.

ஜூலையில் டூலி ஓடி வந்தான். “மச்சி, இங்கே கவனிக்கிற கவனிப்பைப் பத்தி ஊருக்கு எழுதினேன். என் மாமியார் கிளம்பி வர்றாங்க. சங்கத்துல இன்னொரு இடம் கிடைக்குமா?”

உண்மையைச் சொல்ல இதுதான் சமயம் என்று டெஸ் வாயைத் திறந்தார். டூலியின் சின்ன மகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு, “டெஸ் தாத்தா நல்லவர்” என்றாள்.

மாமியாருக்குக் கேரவன் போனது. வின்னி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். “அவனுக்கு என் பல்செட்டையும் குடுக்கிறதா இருந்தா சொல்லி அனுப்பு” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். டெஸ் மைதானத்தில், அடிபட்டவர்களுக்குக் காலை நீவிவிடும் மேஜையில் படுக்க ஆரம்பித்தார்.

செப்டம்பர் கடைசியில் இடி விழுந்தது. பிரிஸ்பேனிலிருந்து ஒரு பெரிய சங்கம் டூலிக்கு ஆள் அனுப்பியிருந்தது. வருஷத்துக்கு ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் டாலர்.

“முடிஞ்சுது” என்றார் தலைவர் கிரேவன். “அந்தக் காசுக்கு முன்னாடி நாம எங்கே நிக்கிறது? என் ஃபாக்டரியைச் சாசேஜோட சேத்து வித்தாக்கூட ஆகாது.”

பாதிச் சம்பளம் வாங்குகிறவன் இரண்டரை மடங்கு கிடைக்கும் இடத்துக்குப் போகாமல் என்ன செய்வான் என்று நினைத்துக்கொண்டார் டெஸ்.

மேல் பிரிவுக்குப் போகும் இறுதி ஆட்டம் ஆல்டர்ஷாவிலேயே நடந்தது. எட்டாயிரம் பேர். மழை ஒரு நொடி விடவில்லை. கடைசி மூன்று நிமிஷம், நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள். கடைசி வாய்ப்பான ஆறாவது பிடியில் பந்து டூலியின் கைக்கு வந்தது. ஒருத்தன் இடுப்பைப் பிடித்தான். இன்னொருத்தன் கழுத்தைப் பிடித்தான். மூன்றாமவன் காலைப் பிடித்தான். பின்னாலிருந்து அணித்தலைவனும் மற்றவர்களும் வந்து, ஞாயிற்றுக்கிழமை தின்றதையெல்லாம் திரட்டி, அந்த மொத்தக் கும்பலையும் ஒரு தள்ளுத் தள்ளினார்கள். சேற்றோடு சேறாகக் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தது கும்பல். அடியில் டூலி, அவன் கையடியில் பந்து. நான்கு புள்ளி! அதற்கு மேல் கிடைத்த இரண்டு புள்ளி உதையும் கம்பங்களுக்கு நடுவே போனது.

ஆல்டர்ஷா ஜெயித்துவிட்டது. இருபத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் மேல் பிரிவு!

ஸ்கார்பரோவில் இருப்பதாக டெஸ் நினைத்துக்கொண்டிருந்த வின்னி, வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடி வந்து, “எல்லாம் என் புட்டிங்டா!” என்று கத்தினாள். டெஸ்ஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரே பாடியது.

சங்கத்து விருந்துக் கூடத்தில் டூலி நாற்காலிமேல் ஏறி நின்றான். நாற்காலி கிறீச்சிட்டது.

“பிரிஸ்பேன்காரங்களுக்கு நேத்தே பதில் சொல்லிட்டேன்” என்றான். “காசு அங்கே அதிகம்தான். ஆனா வீட்டைக் குடுத்து, காரைக் குடுத்து, என் மாமியாரையும் வெச்சுப் பாத்துக்கிற சங்கம் எந்த நாட்டுல இருக்கு? அதே அறுபதாயிரத்துக்கு இன்னும் மூணு வருஷம் இங்கேதான்!”

கூரை பிய்த்துக்கொண்டு போகிறாற்போல ஆரவாரம். தலைவர் கிரேவன் டெஸ்ஸின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக் கிள்ளினார்.

டெஸ்ஸுக்குத் தலை சுற்றியது. வீட்டையும் காரையும் கொடுத்தது வீண்போகவில்லை. பவுண்டும் டாலரும் சேர்ந்து செய்ய முடியாததை அவர் ஒற்றை ஆளாகச் செய்துவிட்டார். யாரிடமாவது இதைச் சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. ஓரமாக உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்த எட்னாவிடம் போனார்.

“எட்னா, இப்ப சொல்றேன். டூலி பவுண்டுன்னு நினைச்சுட்டு வந்தான். நாம குடுத்தது டாலர். இத்தனை மாசமா பாதிச் சம்பளத்துக்குத்தான் உயிரைக் குடுத்து ஆடியிருக்கான். மீதிப் பாதியை நான்தான் என் வீடு வாசலைக் குடுத்து ஈடுகட்டினேன்!”

எட்னா விரலில் ஒட்டியிருந்த கிரீமை நக்கிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பாதியா? சம்பளம் எவ்வளவுன்னு நீ எழுதிக் குடுத்த சீட்டுல வெறும் ‘அறுபதாயிரம்’னுதானேப்பா இருந்துச்சு, இது இங்கிலாந்தாச்சேன்னு நான் முதல் மாசத்துல இருந்தே பவுண்டுலதான் போட்டுட்டு வர்றேன்!”