வடிகால் ஆலோசகர் முன்னால் ஒரு சொற்பொழிவு

கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டால் பேச்சாளனுக்குக் கண் தெரியாது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த வருங்கால மாமனாரே தெரியவில்லை.

அப்போது நான் மலேசியாவின் ஜொகூர் பாருவில் வரலாற்று ஆசிரியன். நான் காதலித்த செலின்தான் பெர்மாஸ் ஜெயா தேவாலய மண்டபத்தில் என்னைப் பேச ஏற்பாடு செய்தாள். "அப்பா வருவாரு. சரித்திரம்னா அவருக்கு உசிரு. நல்லா பேசுனா கல்யாணப் பேச்சு ஈசி லா," என்றாள். அவர் பெயர் அருளப்பன், அரசாங்கத்தில் ஏதோ பொறுப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டாள். (நானும் கேட்கவில்லை. காதலிக்கும்போது யார் விவரம் கேட்கிறார்கள்?)

பழைய பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆட்சியாளர்கள் தங்களுக்கு வேண்டிய உறுப்பினர்களுக்குச் சம்பளம் மட்டும் உள்ள பதவிகளை வாரி வழங்கிய கதையை எடுத்துவிட்டேன். "அரசர் சமையலறையில் இறைச்சிக் கம்பியைச் சுற்றும் பதவி ஒரு எம்.பி.க்கு! அவர் அடுப்பைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்!" என்றேன். மண்டபம் அதிர்ந்தது. எல்லோரும் முன்வரிசையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இவர்கள் ஆபீசுக்குப் போனால் காவலாளியே 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்பான்!" என்று சொந்தச் சரக்கையும் சேர்த்தேன். மூலையிலிருந்து செலின் கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். நானும் பெருமையாகக் கையசைத்தேன்.

முன்வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"நான் அருளப்பன். தேர்தல் முடிஞ்சதும் கட்சியில எனக்கு வடிகால் ஆலோசகர் பதவி கொடுத்தாங்க. தம்பி சொன்னது உண்மைதான். காவலாளி என்னையும் அப்படித்தான் கேட்டான்."

அலமாக்! ஐயையோ, இவரா அருளப்பன்! "ஐயா, நான்... பதினெட்டாம் நூற்றாண்டைத்தான் சொன்னேன்."

"புரியுது. காலையில வாங்க தம்பி, இந்த நூற்றாண்டு வாய்க்கால ரெண்டு பேரும் பார்ப்போம்."

மறுநாள் சந்தைக்குப் பின்னால் அடைத்துக்கிடந்த வாய்க்காலை அவர் குனிந்து குனிந்து ஆராய்ந்தார். பதவிக்கு வந்தபின் அவர் பார்த்த முதல் வாய்க்கால் அதுதானாம். அக்கறை காட்டுவதற்காக நானும் பாசி படிந்த விளிம்பில் காலை வைத்தேன். அடுத்த கணம் இடுப்பளவு சகதியில் நின்றேன். கைகொடுத்துத் தூக்கியவர், சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செலின் வீட்டுல எல்லாத்தையும் சொல்லிருச்சு," என்றார் கண்ணைத் துடைத்தபடி. "என் மூஞ்சிக்கு நேரா உண்மைய சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். முதல்ல குளிங்க. அப்புறம் வந்து பொண்ணு கேளுங்க."

பதவி போகும்வரை அவர் வாய்க்கால் வாய்க்காலாக அலைந்தார். அன்று சகதியில் புதைந்துபோன என் வலதுகால் சப்பாத்து மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. இன்றும் மழை கனத்தால் மாமனாரிடமிருந்து போன் வரும்:

"மாப்பிள்ளை, தண்ணி ஜோரா ஓடுது. உங்க சப்பாத்துதான் இன்னும் வரல."