நூற்று எண்பத்தோரு நாள் மாப்பிள்ளை

இந்த வருடம் மாமனார் ஊர் அசனத்துக்குப் போவதில்லை என்று கேப்டன் தேவசிகாமணி முப்பத்தாறாயிரம் அடி உயரத்தில் வைத்துத் தீர்மானம் செய்தார். அந்த உயரத்தில் எதையும் தீர்மானம் செய்யலாம். இறங்கி வந்து பாளையங்கோட்டை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அது ஆட்டம் காணும்.

பயந்த மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு இடிமழைக்கு நடுவே விமானத்தை இறக்கியவர். ஆனால் அசனம் வேறு சமாசாரம். ராதாபுரத்துக்குத் தெற்கே, அவர் மனைவி பெர்சிஸ் பிறந்த ஊரில், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையன்று ஊரே கூடிச் சமைத்து, ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். ஆறு வருடத்துக்கு முன் போயிருந்தார். மாமனார் எஸ்றா வாத்தியார் மைக்கைப் பிடித்து, "நமது ஊர் மருமகன், விமானி, இப்பொழுது சாம்பார் ஊற்றுவார்" என்று அறிவித்துவிட்டார். வாளியோடு நடந்தவரை ஒவ்வோர் இலையும் ஒரு கேள்வி கேட்டது. பிளேனுக்கு ஹாரன் உண்டுமா? மேகத்துக்குள்ள வழி எப்படித் தெரியும்? எங்க வீட்டுப் பயலுக்கு அங்கன ஒரு கண்டக்டர் வேலையாவது கிடைக்குமா? நாற்பதாவது இலையில் கேப்டன் பதில் சொல்லிக்கொண்டே கரண்டியைச் சாய்த்தார். சாம்பார் இலையைத் தாண்டி ஒரு சபை மூப்பரின் மடியில் தரையிறங்கியது.

அன்றிலிருந்து அவரைக் காப்பாற்றி வருவது வருமான வரிச் சட்டம். ஊரையே அழவைக்கிற சட்டம் ஒரு மனிதரைச் சிரிக்கவைத்தது என்றால் அது தேவசிகாமணி ஒருவரைத்தான். அவர் வியட்நாமில் ஓர் ஒப்பந்த விமானி. மூன்று வாரம் அங்கே, மூன்று வாரம் இங்கே. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வருடத்தில் நூற்று எண்பத்திரண்டு நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் அவர் இங்கே குடியிருப்பவர் ஆகிவிடுவார். அங்கே வாங்குகிற சம்பளமும் இங்கே வரிக்கு வந்துவிடும். நூற்று எண்பத்தொன்றோடு நிறுத்திக்கொண்டால் தப்பித்தார். சட்டம் உண்மைதான். அதைக் கேப்டன் பயன்படுத்திய விதத்தில்தான் கொஞ்சம் காற்று கலந்திருந்தது. மச்சினன் புது வீட்டுப் பிரதிஷ்டையா? நாள் இல்லை. சித்தப்பா மகள் நிச்சயதார்த்தமா? நாள் இல்லவே இல்லை.

பிப்ரவரி பிறந்ததும் பெர்சிஸ் பேச்சை எடுத்தாள்.

"அத்தான், அசனத்துக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. இந்தத் தடவை உங்களுக்கு லீவு இருக்குல்லா?"

"லீவு இருக்கு பெர்சி. நாள்தான் இல்ல."

"எத்தன நாள் இருக்கு?"

"நாலு."

"அப்ப வெள்ளிக்கிழமை நாட்டை விட்டே போயிரணுமா?"

"போயிரணும். இனி ஏப்ரல் பொறந்தாத்தான் உள்ள வர முடியும்."

"அது வரைக்கும் லீவு நாளுக்கு எங்க இருப்பீங்க?"

"எங்கயாவது ஒரு மூலையில கெடப்பேன். எல்லாம் குடும்பத்துக்காகத்தான."

அந்த மூலை ஒரு தீவு. ஜன்னலைத் திறந்தால் கடல். ஹாரனைப் பற்றிக் கேட்க ஆள் கிடையாது. அறைக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. உண்மையில் அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணினாலும் கேப்டன் கையில் இருபத்தாறு நாள் மிச்சம் இருந்தது. அசனம் முடிந்த மறுவாரம், 'எண்ணினதுல சின்னத் தப்பு' என்று கண்டுபிடித்துப் பைய வீடு திரும்புவது திட்டத்தின் இரண்டாம் பாகம்.

"எதுக்கும் மாடி வீட்டு ஆடிட்டர் சார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டா?" என்றாள் பெர்சிஸ்.

அவள் எழுந்திருப்பதற்குள் கேப்டன் மாடியில் இருந்தார். ஆடிட்டர் ஹரிஹரசுப்பிரமணியன் முழுக்கதையையும் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"வே, நான் பொய் சொல்ல மாட்டேன். உம்ம வீட்டம்மா எங்க ஸ்னேகாவுக்குக் கணக்கு டீச்சர். பிள்ளை மார்க்குல கை வச்சிராதேயும்."

"பொய் சொல்ல வேண்டாம் சார்வாள். சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கதுக்கு எங்க வீட்டுல நல்ல பயிற்சி உண்டு. போம்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கோமு இருமினாள். ஆடிட்டர் அந்த நிமிடமே பயிற்சியைத் தொடங்கிவிட்டார்.

ஆனால் பெர்சிஸை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து. கேப்டன் கீழே வந்து அலமாரியிலிருந்து தன் வேலை ஒப்பந்தத்தை எடுத்தார். அறுபத்து நான்கு பக்கம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதன் கனத்தைப் பார்த்தே அவள் அடங்கிவிடுவாள் என்பது அவர் எண்ணம்.

"ஆடிட்டர் எதுக்கு? எல்லாம் இதுல இருக்கு. பாரு."

"இம்புட்டையும் நீங்க படிச்சீங்களா?"

"ஒரு வரி விடாமப் படிச்சேன்."

"வரியை விடாமப் படிச்சீங்களா, வரியை விடுகதுக்காகப் படிச்சீங்களா?"

கேப்டன் சிரித்து மழுப்பினார். உண்மையில் கையெழுத்துப் போடுகிற இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டித் தந்திருந்தார்கள். அந்தப் பதினோரு சீட்டைத் தவிர அவர் எதையும் பார்த்ததில்லை.

பெர்சிஸ் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டோடு ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் சிவப்புப் பேனா. அன்றும் படித்தாள், மறுநாள் பையில் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனாள். நடுநடுவே விசாரணை வேறு.

"பிளேன் ஒருத்தரோடது. உங்கள வேலைக்கு எடுத்தது சிங்கப்பூர்ல ஒரு ஏஜென்சி. சம்பளம் வாறது வேற எங்கயோ இருந்து. காய்ச்சல் வந்தா யாருகிட்ட லீவு கேப்பீங்க?"

"காய்ச்சல் வரக்கூடாது. அதான் ஒப்பந்தம்."

"வேண்டாம்னு நெனச்சா முப்பது நாள் நோட்டீஸ்ல அனுப்பிருவாங்களாமே?"

"ஆமா."

"பி.எஃப்?"

"கெடையாது."

"பென்ஷன்?"

"அதுக்குத்தான் டீச்சரைக் கட்டியிருக்கேன்."

"இருபத்தேழு எழுத்துப் பிழை இருக்கு," என்றாள் அவள். "போனாப் போகுதுன்னு நூத்துக்கு அம்பத்தெட்டு போட்டிருக்கேன்."

வியாழக்கிழமை கேப்டன் பெட்டி கட்டினார். நீச்சல் உடையை அடியில் வைத்து, மேலே வேதாகமத்தை வைத்தார். அன்றைக்குப் பெர்சிஸ் அரை நாள் லீவு போட்டு வந்து, மத்தியானம் தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தாள். இஞ்சித் துவையலும் இருந்தது. முகத்தில் கோபம் துளியும் இல்லை. கேப்டனுக்கு வயிறு நிறைந்தது, மனமும் நிறைந்தது. பாவம், எவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொண்டார்.

"அத்தான், ஏப்ரல் வரைக்கும் உங்கள அங்கன தனியா விடுகதுக்கு மனசே வரல."

"என்ன செய்ய பெர்சி."

"அதனால நாங்க வாறோம்."

கேப்டன் துவையலை வழித்த விரலோடு நிமிர்ந்தார்.

"யாரு நாங்க?"

"நான், அப்பா, அம்மா. ஒப்பந்தத்துல பத்து புள்ளி மூணு. விமானி லீவுக்கு ஊருக்கு வர முடியலன்னா குடும்பத்துக்குக் கம்பெனியே டிக்கெட் குடுக்கும். மனைவியப் பெத்தவங்களும் அதுல சேத்தி. அஞ்சு வருஷமா இதை ஏன் சொல்லல? நீங்கதான் ஒரு வரி விடாமப் படிச்சிருக்கீங்களே."

இங்கேதான் கேப்டன் மாட்டிக்கொண்டார். அப்படி ஒரு பிரிவு உண்டா என்று கேட்டால் படிக்கவில்லை என்று ஆகிவிடும். எடுத்துப் பார்க்கலாம் என்றால் ஒப்பந்தம் பள்ளிக்கூட மேசையில் இருக்கிறதாம். செல்போனில் தேடலாம் என்றால் ஐந்து வருடத்துக்கு முன் ஒப்பந்தம் வந்த மின்னஞ்சல் எந்தக் குப்பைக்குள் கிடக்கிறதோ.

"அது... மறந்தே போச்சி பெர்சி. மாமா என்ன சொன்னாங்க?"

"அசனம் முடிஞ்ச மறுநாளே கிளம்பலாம்னுட்டாங்க. ஏழு வாரம். உங்களுக்கு அங்கன ஒரே ரூம்தானாமே, அப்பா தரையில படுத்துக்கிடுவாங்களாம். காலையில நாலு மணிக்குப் பாட்டு, வேத பாடம், எல்லாம் உங்களோட சேந்துதானாம். வியட்நாம்காரங்களுக்கு வாய்ப்பாடு தெரியுமான்னும் கேட்டாங்க."

கேப்டன் கண்முன்னால் தீவு மூழ்கியது. ஒரே அறை; அதில் எஸ்றா வாத்தியார்; ஏழு வாரம். அசனம் என்றால் ஒரே ஒரு பகல். நூறு கேள்வி வந்தாலும் சாயங்காலம் முடிந்துவிடும். இரண்டு இயந்திரத்தில் ஒன்று நின்றுபோனால் என்ன செய்வது என்று அவருக்குப் பயிற்சி உண்டு. பக்கத்தில் எது கிடைக்கிறதோ அங்கே இறங்கிவிட வேண்டும்.

"பெர்சி, நாள் எண்ணுனதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சி. இப்பத்தான் பாத்தேன். இன்னும் இருபத்தாறு நாள் இருக்கு. நான் அசனத்துக்கே வந்திருதேன். பெரியவங்க ரெண்டு பேரையும் எதுக்கு அலைக்கழிக்கணும்?"

"இருபத்தாறு இல்ல, இருபது."

"என்னது?"

"வந்து இறங்குன நாளும் கணக்கு, கிளம்பிப் போன நாளும் கணக்கு. போன நாளை நீங்க எண்ணல. இந்த வருஷம் ஆறு தடவை போயிருக்கீங்க. உங்க பாஸ்போர்ட்டுல முத்திரை இருக்கு. திங்கக்கிழமையே எண்ணிட்டேன்."

கேப்டன் கட்டி வைத்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அஞ்சு வருஷமா தனியாப் போறேன் அத்தான். பந்தியில உக்காந்த உடனே வீட்டுக்காரர் வரலியான்னு கேக்காங்க. வரிப் பிரச்சினைன்னு சொல்லுவேன். போன வருஷம் ஒரு அக்கா, 'சம்பளத்துக்கு வரியா, இல்ல வீட்டுக்கு வாறதுக்கே வரியா'ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல."

அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. தப்பிக்க ஆயிரம் காரணம் சொல்லியிருக்கிறார். தான் போகாத இடத்தில் அவள் என்ன பதில் சொல்லுவாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அன்று சாயங்காலமே தீவு அறையை ரத்து செய்தார். கட்டின பணம் திரும்ப வராது என்றார்கள். வராமல் போகட்டும் என்றார்.

அசனத்தன்று மாமனார் சொல்லைத் தட்ட முடியாமல், தோளில் நாலு கோடு போட்ட வெள்ளைச் சீருடையிலேயே போனார். மைக் பேசியது. சாம்பார் வாளி வந்தது. ஹாரன் கிடையாது என்று எழுபது பேருக்குச் சொன்னார். பந்தியின் கடைசியில் உட்கார்ந்திருந்த பெர்சிஸிடம் பக்கத்து இலைக்காரி ஏதோ கேட்க, அவள் நிமிர்ந்து, வாளியோடு நின்ற இவரைக் கையால் காட்டினாள். அந்த நேரத்து அவள் முகத்தைப் பார்த்ததும், இன்னும் நான்கு பந்திக்கு ஊற்றலாம் போல இருந்தது அவருக்கு. ஊற்றவும் செய்தார். பாதி இலையில், பாதி தன் சட்டையில்.

திரும்பும்போது காரை அவரே ஓட்டினார். நாங்குநேரி தாண்டியதும் மனசு கேட்கவில்லை.

"வியட்நாம் டிக்கெட்டை ரத்து பண்ணதுல மாமாவுக்கு ரொம்ப வருத்தமோ?"

"எந்த டிக்கெட்டு? அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டே கெடையாதே அத்தான்."

கார் தானாக ஓரத்தில் நின்றது.

"அப்ப அந்தப் பத்து புள்ளி மூணு?"

பெர்சிஸ் அவர் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"சீருடையில கறை பட்டா விமானியே துவைச்சிக்கிடணும்னு போட்டிருக்கு."