விட்டில் பிடிக்க வந்த மாப்பிள்ளை

வெள்ளைத் துணியைக் காணவில்லை.

மாலையில் தோட்டத்து மரங்கள் இரண்டுக்கு நடுவே கயிறு கட்டி, அதில் ஒரு பெரிய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் விளக்கையும் பொருத்திவிட்டுத்தான் மாப்பிள்ளை குளிக்கப் போனார். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தால் துணியும் இல்லை, கயிறும் இல்லை. விளக்கு மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, இங்க ஒரு துணி கட்டியிருந்தேனே?"

"அதுவா மாப்பிள்ளை?" என்று கொல்லைப்புறத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஒரே பூச்சியா மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லா உதறிட்டு, சோப்புத் தண்ணியில ஊற வச்சுட்டேன். நீங்க போத்திக்கிற துணியாச்சே!"

"பூச்சி மொய்க்கணும்னுதான் அத்தை கட்டினேன்."

"ஐயையோ! எனக்கு எங்க அதெல்லாம் தெரியுது?" மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் சோப்பு நுரை. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மாப்பிள்ளைக்கு அருங்காட்சியகத்தில், பூச்சிப் பிரிவில் வேலை. தற்காலிக வேலைதான். தற்காலிகமாக இருந்து இருந்தே பாதித் தலை வழுக்கையாகிவிட்டது. அந்தப் பிரிவின் இழுப்பறை ஒன்றில், சாம்பல் நிற விட்டில் ஒன்று ஊசி குத்தப்பட்டுக் கிடந்தது. சிறகின் ஓரத்தில் வெள்ளியைக் கரைத்துக் கோடு இழுத்த மாதிரி ஒரு வரி. அந்த இனத்தில் இதுவரை மனிதன் கையில் சிக்கியது அது ஒன்றுதான். சிக்கிய இடம் ஓர் ஏரிக்கரை. அந்த ஏரிக்கரையில்தான் மாமனார் வீடு.

"இன்னொண்ணு பிடிச்சுட்டு வாங்க," என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். "அங்கேயே ஒரு ஆராய்ச்சி நிலையம் போட்டுடலாம். நீங்கதான் பொறுப்பு. வேலையும் நிரந்தரம். பிடிக்கலேன்னா..."

அதற்குமேல் சொல்லாமல் சன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

பெட்டியும் வலையும் விளக்குமாக வந்து இறங்கிய கையோடு, மாமனாரிடம் நல்ல சேதியைச் சொல்லிவிட்டார். "மாமா, பூச்சி மட்டும் கிடைச்சுட்டா நாங்க இங்கேயே வந்துடுவோம். தனி வீடெல்லாம் எதுக்கு? மாடி ரூம்ல ஆபீஸ், கீழ் ரூம்ல நாங்க. இனிமே உங்களை விட்டு எங்கேயும் போறதா இல்லை."

 மாமனார் மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கிடைக்கணுமே மாப்பிள்ளை!" என்றார். குரல் நடுங்கியது.

இப்படிப்பட்ட தங்கமான மனிதர்களை ஏமாற்றிவிடக் கூடாதே என்பதுதான் அன்றிலிருந்து மாப்பிள்ளையின் கவலை.

துவைத்த துணி காய்ந்ததும், மறுநாள் அதை மறுபடி கட்டி, நகராமல் பக்கத்திலேயே காவல் நின்றார். பொழுது சாய்ந்தது. ஒரு பூச்சி வரவில்லை. அண்ணாந்து பார்த்தால், மொட்டை மாடியில் விளையாட்டு மைதானத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு ராட்சச விளக்கு. ஏரிக்கரைப் பூச்சிகள் அத்தனையும் அங்கே கூட்டம் போட்டிருந்தன.

"மாமா! அந்த லைட்டை யார் போட்டது?"

"நான்தான் மாப்பிள்ளை. புதுசா வாங்கி மாட்டினேன். நீங்க இருட்டுல தடுமாறி விழுந்துடக் கூடாது பாருங்க."

மாப்பிள்ளை பக்குவமாக எடுத்துச் சொன்னார். விட்டில் வர வேண்டுமானால் சுற்றுவட்டாரத்தில் வேறு வெளிச்சமே இருக்கக் கூடாது. மாடி விளக்கு மட்டுமில்லை, கூடம், சமையலறை, டிவி எல்லாவற்றையும் அணைக்க வேண்டும்.

"டிவியுமா?" என்றார் மாமியார்.

"அதோட வெளிச்சம் சன்னல் வழியா வருது அத்தை."

"அதுக்கென்ன மாப்பிள்ளை. டிவி என்ன, நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கும் அணைக்கணும் அத்தை."

"அதுக்கென்ன," என்றார் மாமியார், முன்னைவிடச் சின்னக் குரலில்.

வீடு இருண்டது. மாமியார் இருட்டில் காய் நறுக்கி விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டார். மச்சான் கதவு நிலையில் முட்டிக்கொண்டு, யாரையோ திட்டினான். யாரை என்பது சரியாகக் காதில் விழவில்லை. ஆனால் வெள்ளைத் துணியில் ஒன்றிரண்டாகப் பூச்சிகள் வந்து உட்கார ஆரம்பித்தன. மாப்பிள்ளை மூச்சைக்கூட மெதுவாக விட்டார். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று தாழப் பறந்து வந்தது.

அப்போதுதான் புகை வந்தது. சாதாரணப் புகை இல்லை. ஏரிக்கரையே பற்றி எரிவது போல வந்தது. விட்டில், கொசு, மாப்பிள்ளை மூன்றும் ஒரே நேரத்தில் ஓட்டம் பிடித்தன.

"என்ன மாமா இது?" இருமலுக்கு நடுவே கேட்டார்.

மாமனார் சருகுக் குவியலை விசிறிக்கொண்டிருந்தார். "கொசு உங்களைப் பிச்சுப் பிடுங்குது. பாத்துக்கிட்டு எப்படி மாப்பிள்ளை சும்மா இருக்க முடியும்? பெத்த பிள்ளையா இருந்தா விடுவேனா?"

 "ரொம்ப நன்றி மாமா," என்றுதான் மாப்பிள்ளையால் சொல்ல முடிந்தது.

விளக்கு சரிப்படாது, வாசனை காட்டித்தான் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அழுகிய வாழைப்பழத்தைப் பிசைந்து, சர்க்கரையும் பீரும் கலந்து, அடுப்பின் வெதுவெதுப்பில் நுரைத்துப் பொங்கட்டும் என்று சமையலறை மூலையில் வைத்தார். அது பொங்கியது. மாமியார் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு சமைத்தார். சாப்பாட்டில் ஏறிய வாசனை பழத்தினுடையதா, பீரினுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மச்சான் மட்டும் இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டான்.

சாயங்காலம் அந்தக் குழம்பைத் தூரிகையில் தொட்டு, தோட்டத்து மரம் ஒவ்வொன்றிலும் பூசிவிட்டுப் படுத்தார். விடியற்காலையில் எழுந்து ஓடினால், மரங்கள் எல்லாம் தலைக்குக் குளித்த மாதிரி சொட்டச் சொட்ட நின்றன. மச்சான் ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ணினே?"

"அத்தான், மரம் பூரா எறும்பு! எறும்பு இருந்தா உங்க விட்டில் வந்து உக்காருமா? உக்காந்தாலும் தின்னு தீத்துடாதா? அதான் சுத்தமா கழுவி விட்டுட்டேன்."

பத்து மணிக்கு முன்னால் படுக்கையை விட்டு எழுந்து பழக்கமில்லாத பையன். தனக்காக விடியலில் எழுந்து மரம் கழுவியிருக்கிறான். மாப்பிள்ளை அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்க் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவதாக வாளிப் பொறி. வாளியின் மேல் ஒரு புனல், புனலுக்கு மேல் விளக்கு. வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி புனல் வழியே உள்ளே சறுக்கி விழும். திரும்ப ஏறி வர முடியாது. யாரும் துவைக்க முடியாது, கழுவ முடியாது. ஏரியைப் பார்த்த பக்கம் மாமனாரின் படுக்கையறைச் சன்னலடிதான் என்பதால் வாளியை அங்கே வைத்தார். அதன் வெளிச்சத்தில் மாமனார் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார்.

காலையில் வாளியில் விழுந்திருந்தவற்றைப் பொறுக்கி, டப்பாக்களில் போட்டு, ஃப்ரிட்ஜில் அடுக்கினார். குளிரில் அவை அசையாமல் கிடக்கும். நிதானமாகப் பார்க்கலாம். இதை மாமியாரிடம் சொல்ல மறந்துவிட்டார். மாமியார் வெண்ணெய் என்று ஒரு டப்பாவைத் திறந்தார்.

அந்த அலறலில் தெருவே கூடிவிட்டது. வண்டுகள் குளிர் விட்டு எழுந்து சமையலறையைச் சுற்றிப் பறந்தன. ஒன்று மாமியாரின் காதுக்குள் போகப் பார்த்தது.

"மன்னிச்சுடுங்க அத்தை."

"அதுக்கென்ன மாப்பிள்ளை," என்றார் மாமியார். காதைப் பொத்திய கையை எடுக்கவில்லை. "இனிமே ஃப்ரிட்ஜை நீங்களே வச்சுக்குங்க. நாங்க பாலெல்லாம் அப்பப்ப வாங்கிக்கிறோம்."

அன்று மனைவி போனில் பேசினாள். "ஏங்க, எங்க அப்பா அம்மாவுக்கு எதுவும் தொந்தரவு குடுக்கலையே?"

"தொந்தரவா? என்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறாங்க. எனக்குத்தான் ஒண்ணும் கைகூடி வர மாட்டேங்குது. பூச்சி சிக்கலேன்னா டிக்கெட் கிழிக்கிற வேலைதான். வாசல்ல உக்காந்தா நீ என்னை மதிப்பியா?"

"இப்ப மதிக்கிற மாதிரிதாங்க மதிப்பேன். அதைப் பத்திக் கவலைப்படாதீங்க," என்று ஆறுதல் சொன்னாள்.

நாட்கள் ஓடின. வாளியில் வண்டு விழுந்தது, தவளை விழுந்தது, மாமனாரின் மூக்குக்கண்ணாடிகூட ஒருநாள் விழுந்திருந்தது. விட்டில் மட்டும் விழவில்லை. சில காலைகளில் விளக்கு அணைந்து கிடந்தது. பிளக்கை எலி இழுத்திருக்கும் என்றார் மாமனார். மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால், நீளமான வரிசை நிற்க, தான் டிக்கெட்டைப் பாதியாகக் கிழித்துக் கிழித்துக் கொடுப்பதுதான் தெரிந்தது. அதைவிட, மாடி அறையை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பெரியவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணம் அவரை வாட்டியது. மாமனாரும் இளைத்துப் போயிருந்தார். பாவம், எனக்காகத்தானே இந்த மனுஷன் உருகுகிறார் என்று நினைத்துக்கொண்டார் மாப்பிள்ளை.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் விடியற்காலை, நம்பிக்கை எல்லாம் செத்த பிறகு, கடமைக்கு வாளியை எட்டிப் பார்த்தார்.

அடியில், புனலின் நிழலில், சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம். ஓரத்தில் வெள்ளி வரி.

"மாமா! அத்தை! கிடைச்சுடுச்சு! கிடைச்சுடுச்சு!"

எல்லாரும் ஓடி வந்தார்கள். மாப்பிள்ளை மச்சானைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"நிசமா அதுதானா மாப்பிள்ளை? நல்லாப் பாத்தீங்களா? வேற ஏதாவது..."

"அதேதான் மாமா! தலைவருக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். வாளிகிட்ட யாரையும் விடாதீங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்!"

மொட்டை மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். தாவி ஏறினார். தலைவரின் போன் அடித்துக்கொண்டே இருந்து கடைசியில் எடுக்கப்பட்டது. "சார், பிடிச்சுட்டேன் சார்!" என்று கத்திவிட்டு, வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தார்.

புனல் தனியாகக் கிடந்தது. வாளி தனியாகக் கிடந்தது. மாமனார் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கண்களிலிருந்து தாரை தாரையாக நீர்.

"ஒரே ஒரு தடவை பாத்துடலாம்னு புனலைத் தூக்கினேன் மாப்பிள்ளை. நம்ம குடும்பத்துக்கே விடிவு காலம் கொண்டு வந்த பூச்சியாச்சே, முகத்தைப் பாக்க வேண்டாமான்னு..." அவர் ஏரிப் பக்கம் கையைக் காட்டினார். "போயிடுச்சு."

மாப்பிள்ளை வாளிக்குள் பார்த்தார். வெளியே பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் எதிரே ஒரு பெரியவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும்போது தான் எப்படி அழுவது?

"விடுங்க மாமா," என்று அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். "நம்ம எல்லாரும் ஒண்ணா இருக்கணும்னு நமக்குக் கொடுத்து வைக்கலை. நீங்க மனசை விட்டுடாதீங்க."

"எப்படி மாப்பிள்ளை தாங்குவேன்?" என்று மாமனார் அவர் தோளில் சாய்ந்து குலுங்கினார்.

பிரிவுத் தலைவருக்கு மறுபடி போன் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் வாசலில் உட்கார வேண்டும். தொப்பி அங்கேயே கொடுப்பார்கள்.

மறுநாள் காலை வாசலில் வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளை சொல்லியிருக்கவில்லை; யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். மாமியார் வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். வெட்டுப்பட்ட விரலில் இன்னும் கட்டு இருந்தது. மச்சான் கேட்காமலே பெட்டிகளையும் வலைகளையும் ஓடி ஓடி ஏற்றினான். மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். உத்தியோகம் போனது ஒரு பக்கம். இத்தனை பாசத்தை விட்டுவிட்டுப் போகிறோமே என்பது இன்னொரு பக்கம்.

வண்டி தெருமுனை திரும்பியதும் அவரால் அடக்க முடியவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்.

"அழாதீங்க சார். போய்ச் சேருற வரைக்கும் உங்களைப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்லியிருக்கார் உங்க மாமனார். நீங்க வந்து இறங்கின அன்னிக்கே என் வண்டியைப் பேசி வச்சுட்டார் சார். 'பூச்சி கிடைக்காம நான் பாத்துக்கறேன், நான் கூப்பிட்ட உடனே வந்து ஏத்திக்கிட்டுப் போறது மட்டும் உன் பொறுப்பு'ன்னு!"