கணேசமூர்த்தி பார்த்த சிலோன்

"மூணு நாள் கழிச்சு வாங்க," என்றார் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சுகாதார அதிகாரி.

கழுத்தில் ஐந்து மாலைகளோடு நின்ற கணேசமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் சார்?"

"அம்மை ஊசி குத்தி எட்டு நாள் ஆகணும். உங்களுக்கு அஞ்சு நாள்தான் ஆகுது."

"ஆடி மாசம் சார். அம்மன் மாசத்துல அம்மை ஊசியான்னு என் சம்சாரம் சுந்தரவல்லி தடுத்துட்டா. ஆவணி ஒண்ணாம் தேதியே போய்க் குத்திக்கிட்டேன்."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"மூணு நாள்தானே சார்? போற வழியில ஆயிடும்."

"கொழும்பு ஒரு மணி நேரம்யா. தள்ளி நில்லு."

வழியனுப்ப வந்த கூட்டம் கடை திறக்க நேரமாயிற்று என்று போய்விட்டிருந்தது. கணேசமூர்த்தி மட்டும் பெட்டியோடு நின்றான்.

தி. நகரில் வைரவன் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷமாகத் துணி கிழிக்கிறவன் அவன். பாப்ளின் அதிகம் விற்றதற்காக ஒரு மில்காரர் கொடுத்த பரிசுதான் இந்தப் பத்து நாள் சிலோன். கடற்கரை, காடு, யானை எல்லாம் உண்டு. டிக்கெட் இந்த ஒரு நாளைக்குத்தான் செல்லும்.

சிலோன் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று விட்டுவிட முடியாது. அண்ணாச்சி அடையாறில் புதுக்கடை திறக்கிறார். "அடையாறுல பாதிப் பேரு வெளிநாடு பார்த்தவங்க. கடை பார்க்கிறவனும் பார்த்திருக்கணும்லா? போயிட்டு வா, சாவி உனக்கு," என்று சொல்லியிருந்தார். போகாவிட்டால் சாவி அவருடைய அக்கா மகன் ஜவஹருக்கு. ஜவஹருக்கு மல்லுக்கும் பாப்ளினுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகவே போய் வந்ததாகச் சொல்லிவிட வேண்டியதுதான். அதிலும் ஒரு கண்டம் இருந்தது. அண்ணாச்சி ஆறு வருஷத்துக்கு முன்பே சிலோன் போய் வந்தவர். அன்றிலிருந்து கடையில் சிலோன் பேச்சு இல்லாத நாளே கிடையாது. தன் கேமராவையும் கையில் கொடுத்து, "ஒவ்வொரு படமும் நான் பார்க்கணும்," என்று வேறு சொல்லியிருந்தார்.

கணேசமூர்த்தி டாக்சி பிடித்து ஊரூர் குப்பத்துக்குப் போனான். கடையில் லுங்கி எடுக்க வரும் மீனவர் கோதண்டபாணியை விட்டால் அவனுக்கு வேறு கடற்கரை ஆள் தெரியாது.

"இன்னா நைனா, மாலையும் கழுத்துமா? ரெண்டாங் கண்ணாலமா?"

கணேசமூர்த்தி கதையைச் சொன்னான். கோதண்டபாணி பீடியை அணைக்கக்கூட இல்லை.

"சிலோன் தானே? பத்து நாளு இங்கியே குந்து. படத்தை நான் புடிக்கிறேன். அந்தப் படகுல ஏறு. லெப்ட்ல திரும்பு. அப்பதான் பின்னால நம்ம கரையில இருக்கற வெள்ளக்காரன் மண்டபம் படத்துல தெரியாது."

கடற்கரை முடிந்தது. அடுத்தது காடு.

கிண்டிப் பூங்காவில் மான்கள் கம்பி வேலிக்கு உள்ளே இருந்தன. வேலியோடு எடுத்தால் காடு மாதிரி இராது என்று கணேசமூர்த்தி வேலிக்குள் குதித்தான். மான் பக்கத்தில் வரட்டும் என்று மாலையை நீட்டினான். மான் பூவைத் தின்றது, ஜரிகையைத் தின்றது, பிறகு அவன் சட்டைக் காலரையும் தின்றது. அதைப் பிடுங்கப் போய்ச் சத்தம் கேட்டு, காவலாளி தடியோடு ஓடி வந்தான். படத்தில் கணேசமூர்த்தி வாயைப் பிளந்துகொண்டு ஓடினான்.

யானைக்கு மயிலாப்பூர் போனார்கள். கோயில் யானையின் நெற்றியில் பெரிய திருநீற்றுப் பட்டை. பாகனிடம் கெஞ்சிக் கழுவச் சொன்னான். எதிர்பாராத குளியலில் குஷியான யானை அவனையும் குளிப்பாட்டியது. ஈரத்தோடு நின்றவன் தலையில், பழக்க தோஷத்தில், தும்பிக்கையை வைத்து ஆசீர்வாதம் செய்தது. கோதண்டபாணி சரியாக அப்போதுதான் அமுக்கினார்.

"இன்னொண்ணு எடுப்பா!"

"பிலிம் காலி நைனா."

பதினோராம் நாள், வெயிலில் கருகிய மூக்கோடு கணேசமூர்த்தி கடைக்கு மேலே இருந்த அண்ணாச்சி வீட்டில் நின்றான். அண்ணாச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு படங்களை எடுத்தார். ஜவஹர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். அண்ணாச்சியின் மனைவி புஷ்பம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"மாமா, காட்டுல இவரு எதுக்கு ஓடுதாரு?"

"சிறுத்தை வந்திருக்கும்ல," என்றார் அண்ணாச்சி. "நானும் ஓடியிருக்கேன்."

"காட்டு யானை ஆசீர்வாதம் பண்ணுமா மாமா?"

"புத்தர் ஊரு யானைடா அது. எனக்கும் பண்ணுச்சு."

கணேசமூர்த்திக்கு வியர்த்தது. பொய்யாக எடுத்த படம் எல்லாம் அப்படியே பொருந்துகிறதே!

படகுப் படத்தை அண்ணாச்சி நெடுநேரம் பார்த்தார். ஜவஹர் சிரிக்கத் தயாராக இருந்தான். கணேசமூர்த்தி சுந்தரவல்லிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினான்.

"இதே கடல்தான்," என்றார் அண்ணாச்சி. "ஒரு மாற்றமும் இல்லை. ஏல ஜவஹர், அந்த அடையாறு சாவியை எடுத்து இவன்கிட்ட கொடு."

ஜவஹர் சாவியை மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனான். அண்ணாச்சியும் வாடிக்கையாளர் குரல் கேட்டுக் கீழே இறங்கினார். கணேசமூர்த்தி சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஊரூர் குப்பமும் சிலோனும் அவ்வளவு ஒன்றுபோலவா இருக்கும் என்று அவனுக்கே ஆச்சரியம்.

காபி டம்ளரை எடுக்க வந்த புஷ்பம், மேஜைமேல் கிடந்த படகுப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கோதண்டபாணி இன்னும் இந்தப் படகை மாத்தலையா? இவுக சிலோன் போனப்பவே ஓட்டை வழியா தண்ணி உள்ள வந்துச்சே!"