சம்பந்தியும் சீப்புச் சின்னமும்

“பச்சத் தண்ணி கூட கெடையாதுன்னு செவுத்துல எழுதி வச்சிட்டு, உள்ள வந்து காபி சாப்புடுங்கன்னு கூப்புடறீங்களே, இன்னாங்க நியாயம் இது?”

கேட்டவர் சரோஜா அம்மாள். போளூரிலிருந்து என் மகள் நிவேதிதாவுக்குப் பூ வைக்க வந்தவர். மாப்பிள்ளையின் அம்மா. கையில் பூத்தட்டு. கால் கேட்டுக்கு வெளியே. கண் என் காம்பவுண்டுச் சுவரின் மேல்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் அதைக் கொஞ்சம் ரசித்த மாதிரி இருந்தது. அவரை அப்புறமாகக் கவனித்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் அன்றைக்கு நான் செய்ய நினைத்தது ஒரே ஒரு வேலை. சுவருக்கு வெள்ளை அடிப்பது.

எங்கள் வீடு தெரு முனையில் இருக்கிறது. தேர்தல் வந்தால் ஆரணியில் முதலில் பிடிபடும் சுவர் எங்களுடையதுதான். எவராவது வந்து ஒரு கை சுண்ணாம்பைத் தீற்றி, மூலையில் ‘ரிசர்வ்’ என்று எழுதிவிட்டால் முடிந்தது. சுவர் அந்தக் கட்சிக்குச் சொந்தம். வீட்டுக்காரர்கள் உள்ளே குடியிருந்துகொள்ளலாம். அவ்வளவுதான் நம் உரிமை. சுவரில் எழுதக் கூடாது என்று ரூல் இருக்கிறது. ரூலும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது.

பூ வைக்க வருகிறவர்கள் வாசலில் வந்து இறங்கும்போது ஏதோ ஒரு வேட்பாளர் கைகூப்பி வரவேற்றால் நன்றாகவா இருக்கும்? ஆகவே பெயின்டர் ஏழுமலையைக் காலையிலேயே வரவழைத்தேன்.

“மேலயே ரெண்டு கோட்டு உட்டா பளிச்சுனு ஆயிடும்மா. சாயந்தரம்தானே வராங்கோ? ஜல்தியா முடிச்சிடலாம்.”

“சுரண்டாம அடிக்கக் கூடாது. சர்ஃபேஸ் ப்ரிபரேஷன்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“அதான் ஊரே இப்படிக் கிடக்கு.”

நான் கான்வென்ட்டில் படித்தவள். பலகையில் பழைய எழுத்தை அழிக்காமல் புதிதாக எழுதினால் சிஸ்டர் விரல் முட்டியில் ஸ்கேலால் போடுவார். அந்த முட்டிக்கு இன்னும் மறக்கவில்லை. சுரண்டும் தகட்டை ஏழுமலையின் கையில் திணித்துவிட்டு, கேசரி கிளற உள்ளே போனேன்.

அங்கேதான் விதி சிரித்திருக்க வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால் மேல் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு பெரிய பெயர், ஒரு பெரிய சின்னம். கீழே ‘நாகநதியில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடும்’. எங்கள் நாகநதியில் வெயில் காலத்தில் கிரிக்கெட் ஆடலாம். நாலு டீம் ஆடலாம்.

இன்னும் கொஞ்சம் சுரண்டினால், அடியில் அதே பெயர். ஆனால் சின்னம் வேறு. நேர் எதிர்க்கட்சி! கீழே அதே தண்ணீர்.

அதையும் சுரண்டினால், மூன்றாவதாக ஒரு சின்னம். அதே ஆள். தண்ணீர் மட்டும் கலர் மாறி ஓடிக்கொண்டிருந்தது.

எந்தச் சின்னம், எந்தக் கட்சி என்று இங்கே எழுத மாட்டேன். நாளைக்கும் இந்தத் தெருவில்தான் நான் பால் வாங்க வேண்டும்.

“ஏங்க, இந்த ஆள் எத்தனை கட்சிங்க மாறியிருக்காரு?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“கட்சிதான் மாறிச்சு. நம்ம சுவர விட்டு மாறலையே, அந்த விசுவாசத்தப் பாரு,” என்றார். அவர் பட்டுப்புடவை வியாபாரி. எல்லாக் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் புடவை போவது இங்கிருந்துதான். அரசியலில் அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடியாது.

அதற்குள் எதிர்வீட்டு நடராஜன் அண்ணன் பனியனோடு வந்துவிட்டார். பல தேர்தல்களில் பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவர். இன்னமும் எழுந்திருக்காதவர்.

“அட்ரா சக்க! நம்ம தொகுதி ஜாதகமே உன் செவுத்துலதான் கீது, தங்கச்சி! பாரு, இந்த தபா இவரு தோத்தாரு.”

“இன்னாண்ணா சொல்ற? ஜெயிச்சாரு,” என்றார் வண்டியை நிறுத்தியிருந்த ஒருவர்.

“ஜெயிச்சிட்டு மாறினாரு.”

“மாறிட்டுத் தோத்தாரு.”

“தோத்துட்டுத் திரும்பி வந்தாருய்யா! நான்தானே மாலை போட்டேன்!”

“எந்தக் கட்சிலேர்ந்து போட்ட?”

மாலை போட்டவர் கொஞ்சம் யோசித்தார். “அது எனக்கே பேஜாரா கீது,” என்றார்.

கூட்டம் சேர்ந்தது. என் வீட்டு நாற்காலிகளே வெளியே வந்து கூட்டத்துக்கு இடம் கொடுத்தன. “தங்கச்சி, டீ கெடைக்குமா?” என்று நடராஜன் அண்ணன் உள்ளே குரல் கொடுத்தார். தொகுதியின் வரலாற்றுக்கு டீ போட்டுக் கொடுத்த ஒரே கான்வென்ட் மாணவி நானாகத்தான் இருப்பேன்.

டம்ளர்களோடு வெளியே வந்தால் ஏழுமலை தகட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறார்.

“என்னப்பா, முடிஞ்சுதா?”

“இத நான் சொரண்ட மாட்டம்மா.”

“ஏன்?”

“நான் எழுதனது.”

“எதை?”

“எல்லாத்தையும்தான். மூணு கட்சிக்கும் நான்தாம்மா எழுதனேன். அந்த ‘ழ’வப் பாரு, இன்னா வளவு! பெத்த புள்ள கழுத்த நானே நெரிக்கணுமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தகட்டைப் பிடுங்கினேன். புடவையைச் செருகிக்கொண்டு நானே சுரண்டினேன். கோபம் எந்த மூலையில் அதிகமோ அந்த மூலையில் ஆழமாகச் சுரண்டினேன்.

அந்த மூலையிலிருந்து ஒரு சீப்பு வெளியே வந்தது.

மஞ்சள் கலரில், ஆள் உயரத்துக்குச் சீப்பு. பக்கத்தில் ‘உங்கள் சுயேச்சை வேட்பாளர் கன்னியப்பன்’.

நடராஜன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். “சீப்பு கன்னியப்பன்! தலைல ஒரு முடி கெடையாது, சின்னம் மட்டும் சீப்பு! ஓட்டுக் கேக்கப் போனா, பசங்க பின்னாடியே தலையத் தடவிகினு போவானுங்கோ. தோத்த கையோட போளூர் பக்கம் குடி போயிட்டாரு மனுஷன்.”

போளூர்.

என் கையிலிருந்த தகடு நின்றது.

முதல் முறை போனில் பேசியபோதே சரோஜா அம்மாள் சொல்லியிருந்தார்: “எங்க மாமனார் கன்னியப்பன்னா ஆரணியே எழுந்து நிக்கும். எலெக்‌ஷன்ல நூலிழைல தோத்தவரு.”

“நூலிழையாண்ணா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இன்னா நூலிழை? டெபாசிட்டே காலி!”

சரி, போகட்டும். மாமனார் பெயர் ஆரணிச் சுவரில் இருப்பது பெருமைதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன். சீப்புக்குக் கீழே, தாரால் எழுதிய வரிகள் பல்லைக் காட்டின.

‘என்னைக் கேளாமல் என் சுவரில் எழுதிய கன்னியப்பனுக்கு இந்த வீட்டில் ஓட்டு மட்டுமல்ல, பச்சைத் தண்ணீரும் கிடையாது.’

கீழே என் மாமனாரின் முழுப் பெயர். கையெழுத்தோடு! தறி நெய்தவர், எதையும் அரைகுறையாக விடமாட்டார்.

வீட்டுக்காரர் படித்தார். “அப்பா கையெழுத்துதான்,” என்றார், ஏதோ பாங்கில் கேட்ட மாதிரி.

“ஏழுமலை! மேல வெள்ளைய அடி!” என்று கத்தினேன்.

“வருசா வருசம் ஏறன சுண்ணாம்புலதான் தாரு மறஞ்சிருந்துச்சும்மா, ஒரே நாள்ல நிக்காது. ஆயில் பெயின்ட் வாங்கியாரணும். அப்பவே மேலயே ரெண்டு கோட்டு உட்டிருந்தா...”

“வாயை மூடிக்கிட்டுப் போய் வாங்கிட்டு வா!”

“இன்னா கலரு? வெள்ளைன்னா தாரு உள்ளேர்ந்து தெரியும்மா.”

“ஏதோ ஒரு கலர். பச்சை.”

“ஐயோ, அது அவங்கோ,” என்றது கூட்டம்.

“அப்ப மஞ்சள்.”

“அது இவங்கோ.”

“நீலம்? சிவப்பு? காவி?” ஒவ்வொன்றுக்கும் ஒருவர் எழுந்து ஆட்சேபித்தார். வானவில்லில் எனக்கென்று ஒரு கோடு கூட மிச்சமில்லை.

பெயின்ட் கடைக்கு ஆள் போவதற்குள் போளூர் கார் கிளம்பிவிட்டதாக நிவிக்குப் போன் வந்துவிட்டது. அவளும் மாப்பிள்ளைப் பையனும் சென்னையில் ஒரே ஆபீஸ். அழுது, பேசாமல் இருந்து, சாப்பிடாமல் கிடந்து இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைத்தவர்கள். பூ வைக்காமல் போளூர்க்காரர்கள் திரும்பினால், தெரு முழுக்க என் முகத்தைப் பார்க்கும். நிவி மட்டும் பார்க்க மாட்டாள்.

வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை எடுத்து வந்து சுவரின் மேல் விளிம்பில் செங்கல் வைத்துத் தொங்கவிட்டேன். சீப்பும் மறைந்தது, தாரும் மறைந்தது. மூச்சு வந்தது.

கார் வந்தது. சரோஜா அம்மாள் இறங்கினார்.

நடராஜன் அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“வாங்கம்மா, வாங்க! கன்னியப்பன் மருமகதானே? உங்க மாமனாருக்கு எங்க தெரு மரியாதை!” என்றவர், சிலை திறக்கிற மந்திரி மாதிரி வேட்டியை ஒரே இழுப்பில் இழுத்துத் திறந்தார்.

கூட்டத்தில் ஒருவர் கைதட்டவும் செய்தார்.

அதற்குப் பிறகுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வி. பச்சைத் தண்ணீரும் காபியும்.

“அது... அந்தக் காலத்துல...” என்று ஆரம்பித்தேன்.

“எந்தக் காலமா இருந்தா இன்னாங்க? எழுத்து இப்ப எழுதனாப்பல கீது!”

உண்மைதான். நான்தான் அவ்வளவு சுத்தமாகச் சுரண்டியிருந்தேன்.

பூத்தட்டு கார் பக்கம் திரும்பியது. அப்போது என் பின்னால் கொலுசுச் சத்தம். கூப்பிடும் வரை உள் அறையை விட்டு நகரக் கூடாதென்று நான் உட்கார வைத்த நிவி, அரக்குப் பட்டோடு தெருவுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு சொம்பு.

“பச்சத் தண்ணி, அத்தை,” என்றாள். “காபி இல்ல. தாத்தா எழுதினதை அழிக்க எனக்குத் தெரியல. இதத்தான் குடுக்க முடிஞ்சுது.”

நடராஜன் அண்ணன் கையிலிருந்த வேட்டியை அவசரமாக மடிக்க ஆரம்பித்தார்.

சரோஜா அம்மாள் சொம்பைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, சொம்பை வாங்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

“தண்ணி நல்லாதான் கீது,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு, சம்பந்தியம்மா. அந்தத் தாரு போவணும். எங்க மாமனாரு பேரு இருக்கணும். பூ வச்சிட்டு நான் வெளிய வரச்சொல்ல அந்தச் சீப்பு பளபளன்னு இருக்கணும்.”

“கல்யாணம் முடியற வரைக்குமா?”

“காலத்துக்கும்.”

சம்பந்தியம்மா என்று அழைத்துவிட்டாரே! ஆளுயரச் சீப்பு என்ன, நாலு கண்ணாடியும் ஒரு பவுடர் டப்பாவும் சேர்த்து வரையச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

உள்ளே பூ வைத்தார்கள். வெளியே ஏழுமலை, இன்னொரு பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில், மற்ற எழுத்தின் மேல் வெள்ளை அடித்து, தாரை மஞ்சள் ஆயில் பெயின்டால் மூடிச் சீப்புக்குப் பல் பல்லாகத் தீட்டினார். ‘ழ’ இல்லாத பெயராகப் போய்விட்டதே என்று மட்டும் வருத்தப்பட்டார்.

இப்போது தேர்தல் பேச்சு ஆரம்பித்துவிட்டது. என் சுவரில் சீப்பு ஜொலிக்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, “யாருக்கா இந்தக் கன்னியப்பன்? நல்லவரா?” என்று கேட்கிறார்கள். “உங்களுக்குத்தான் ஓட்டு” என்று எனக்கே கைகூப்பிவிட்டுப் போனார் ஒருவர். சம்பந்தி பஸ்ஸில் ஆரணி வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கிச் சீப்பைப் பார்த்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறார்.

நானாக அழித்தால் கல்யாணம் நிற்கும். கட்சிக்காரர்கள் வந்து மேலே எழுதிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? என் மேல் தப்பில்லையே!

தைரியமாக ஒரு கட்சிக்காரத் தம்பியைப் பிடித்து, “எங்க செவுத்துல எழுதலையாப்பா?” என்று கேட்டேன்.

“சீப்புக்காரங்க ரிசர்வ் பண்ணிட்டாங்களேக்கா. அடுத்தவங்க செவுத்துல கை வைக்கிறது நாகரிகம் இல்ல,” என்றார்.

இன்னொரு கட்சியிலும் கேட்டேன். அங்கேயும் அதே நாகரிகம். இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்களோ!

கடைசியில், எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிற எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன். காலையிலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

“தெரு முனையில் அருமையான சுவர். ஏணியும் சுண்ணாம்பும் என் பொறுப்பு, டீ உண்டு. யாராவது ஒருத்தர் வந்து ரிசர்வ் பண்ணிக்கோங்களேன், ப்ளீஸ்.”